ஓ போட்ட கட்டம் யாருக்கு ஆப்ஷனல்?

கேள்வி: ஐயா, கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெர்மனி பையரிடமிருந்து 20,000 கிச்சன் டவல் செட்டுக்கு எல்சி (பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருவதாக பையர் தரப்பு வங்கி எழுதித் தரும் உறுதி) வந்திருக்கிறது. சரக்கு தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க் போக வேண்டும். வங்கியில் தெரிந்தவர் ஒருவர் எம்டி 700 செய்தியின் (வங்கிகள் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக எல்சியை அனுப்பும் படிவம்) கட்டங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று தந்தார். சில கட்டங்களுக்கு எதிரே ‘எம்’, சிலவற்றுக்கு எதிரே ‘ஓ’ என்று இருக்கிறது. எம் என்றால் கட்டாயம், ஓ என்றால் ஆப்ஷனல் என்றார். எங்கள் எல்சியில் 39ஏ, 43பி (43P), 44சி, 48 ஆகியவை வரவே இல்லை. 46ஏ-யும் இல்லை, கேட்டதற்கு ‘அதுவும் ஆப்ஷனல்தான்’ என்றார்கள். 43டி-யில் (43T) டிரான்ஷிப்மெண்ட், அதாவது வழியில் கப்பல் மாற்றுவது, கூடாது என்று போட்டிருக்கிறது. 47ஏ-யில் 14 நிபந்தனைகள். ‘ஓ போட்டதெல்லாம் நம் இஷ்டம், 47ஏ-யைக் கண்டுகொள்ளாதே’ என்கிறார் முதலாளி. விடுபட்ட கட்டங்களுக்கெல்லாம் அமெண்ட்மெண்ட் (எல்சியில் திருத்தம்) கேட்க வேண்டுமா? எல்சி காலாவதியாகும் தேதியும் இடமும் சொல்லும் 31டி-யில் நவம்பர் 30, ஜெர்மனி என்றும், எந்த வங்கியில் எல்சி செல்லும் என்று சொல்லும் 41டி-யில் இந்தியாவில் எந்த வங்கியிலும் நெகோஷியேஷன் (பேப்பரைக் கொடுத்துப் பணம் பெறுவது) என்றும் உள்ளது.
— ஒரு வாசகி, கரூர்

பதில்: மற்றதெல்லாம் பிறகு, அம்மா. கையில் இருக்கும் எல்சித் தாளின் தலையைப் பாருங்கள். 27 என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 1/1 என்று இருக்கிறதா, 1/2 என்று இருக்கிறதா?

1/2 என்று இருந்தால் உங்களிடம் இருப்பது பாதி எல்சிதான். மீதி எம்டி 701 என்ற தொடர்ச்சிச் செய்தியில் வந்திருக்கும். சரக்கு விவரம் சொல்லும் 45ஏ, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று சொல்லும் 46ஏ, கூடுதல் நிபந்தனைக்கான 47ஏ மூன்றும் எம்டி 700-இல் ‘ஓ’ ஆக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒரு செய்தியில் கொள்ளாமல் அவை அடுத்த தாளுக்குப் போகக்கூடும் என்பதே. ஏற்றுமதியாளருக்குத் தரும் சரக்கு எல்சியில் எந்த டாக்குமென்டும் கேட்காமல் ஒரு வங்கி பணம் தருவதாக எழுதுவது நான் பார்த்திராத சங்கதி. ‘46ஏ ஆப்ஷனல்தான்’ என்று உங்களுக்குச் சொன்னவர் பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், எல்சியைப் பார்த்து அல்ல.

நான் வங்கியில் இருந்த காலத்தில் இதே கதை நடந்தது. கிளையில் முதல் செய்தியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஏற்றுமதியாளர் வழக்கமான இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணம்) என்று தயார் செய்து சரக்கை ஏற்றிவிட்டார். இரண்டாவது தாளில் பையர் நியமித்த ஏஜென்சியின் இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட் கேட்டிருந்தது, பேப்பரை எங்களிடம் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. கப்பலில் போய்க்கொண்டிருக்கும் பெட்டியைத் திறந்து யார் இன்ஸ்பெக்ஷன் செய்வது? டிஸ்கிரிபன்சியோடு, அதாவது எல்சிக்கு ஒத்துவராத குறையோடு, பேப்பர் போனது. பையர் ஏற்றுக்கொண்டார், விலையில் ஒரு வெட்டு போட்டுவிட்டுத்தான். முதல் தாளின் மூன்றாவது வரியில் 1/2 என்று இருந்ததை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

இப்போது உங்கள் முதலாளியின் கட்சிக்கு வருவோம்.

கல்யாணப் பத்திரிகையில் நாள், முகூர்த்தம், மண்டபம் மூன்றும் இல்லாமல் அடிக்க முடியாது. ‘மொய் தவிர்க்கவும்’ என்ற வரி அப்படியில்லை. போடுவதும் விடுவதும் பெண் வீட்டார் விருப்பம். ஆனால் போட்டுவிட்டால் வருகிறவர் அதை மதிக்க வேண்டும். போடாமல் விட்டால் ஊர் வழக்கப்படி மொய் நோட்டு விரியும். எம்டி 700-இல் ‘ஓ’ என்பதும் இவ்வளவுதான். அந்தச் சலுகை பத்திரிகை அடிக்கிறவருக்கு, அதாவது எல்சி திறக்கும் வங்கிக்கு. கட்டத்தை நிரப்பலாம், விடலாம். நிரப்பிவிட்டால் அது எல்சியின் ஷரத்து. உங்களுக்கு அதில் இஷ்டம் எதுவும் கிடையாது. விட்டுவிட்டால் அங்கே ஊர் வழக்கம் பேசும். இந்த ஊரின் வழக்கம், பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை வகுத்து 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் யுசிபி 600 என்ற எல்சி விதித் தொகுப்பு.

அதனால் 40இ கட்டத்தில் யுசிபி லேட்டஸ்ட் வெர்ஷன் என்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது ‘எம்’ கட்டம், காலியாக இருக்காது. நான் கீழே சொல்லப்போவது முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் எல்சியில் வராத 43பி, பார்ஷியல் ஷிப்மெண்ட் பற்றியது. யுசிபி 31-ஆவது பிரிவின் முதல் வரியே பகுதி ஏற்றுமதி அனுமதிக்கப்படும் என்பதுதான். எல்சி வாய் திறக்காவிட்டால் நீங்கள் இரண்டு தவணையாகவும் அனுப்பலாம். 48 என்பது சரக்கு ஏற்றிய பிறகு எத்தனை நாளில் பேப்பர் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. அது இல்லையென்றால் 14-ஆவது பிரிவின்படி ஷிப்மெண்ட் தேதியிலிருந்து 21 நாள். ஆனால் எல்சி காலாவதியாகும் தேதியைத் தாண்டக் கூடாது. உங்கள் பி.எல். நவம்பர் 5 தேதியிட்டது என்றால் 26-ஆம் தேதி கடைசி. நவம்பர் 12 தேதியிட்டது என்றால் 21 நாள் டிசம்பர் 3 வரை ஓடும். உங்களுக்கோ 30-ஆம் தேதியோடு கதவு சாத்தப்படும். ஒரு சின்ன விஷயம்: பையர் பி.எல். கேட்காமல் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) தரும் கார்கோ ரிசீப்ட் கேட்டிருந்தால் யுசிபி கணக்கில் அது போக்குவரத்து ஆவணமே இல்லை. 21 நாள் விதி அதைத் தொடாது, காலாவதித் தேதி மட்டும்தான் கணக்கு. பெரிய ரீடெய்ல் கம்பெனிகளின் எல்சியில் இது அடிக்கடி வரும். 46ஏ கைக்கு வந்ததும் எது கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

44சி, கடைசி ஷிப்மெண்ட் தேதி. அதுவும் இல்லை என்றால் காலாவதி வரை சரக்கு ஏற்றலாம். பேப்பர் தயாரிக்க ஒரு வாரமாவது வேண்டுமே என்று நீங்களே உள்ளுக்குள் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஆக, இந்த மூன்றும் காலியாக இருப்பது உங்களுக்கு லாபம். இவற்றை நிரப்பச் சொல்லி அமெண்ட்மெண்ட் கேட்டீர்களானால், பையரின் ஆபீஸில் யாரோ ஒருவர் அப்போதுதான் யோசித்து 43பி-யில் ‘கூடாது’ என்றும் 48-இல் ‘10’ என்றும் போட்டு அனுப்புவார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

39ஏ அந்த வகையில் சேராது. தொகையில் எத்தனை சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லும் கட்டம் அது. ‘இல்லாவிட்டால் என்ன, யுசிபியில் 5 சதவீதம் தானாகவே உண்டு’ என்று உங்கள் ஊரிலேயே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரைகுறை உண்மை. 30-ஆவது பிரிவு அந்த 5 சதவீதத்தைச் சரக்கின் அளவுக்குத் தருகிறது. ஆனால் எல்சியில் அளவை உருப்படிக் கணக்கிலோ, பொதிக் கணக்கிலோ சொல்லியிருந்தால் தராது. நூல் விற்கிறவர் கிலோக் கணக்கில் எல்சி வாங்குவார், அவருக்கு உண்டு. நீங்கள் 20,000 செட். உங்களுக்கு இல்லை. கிலோக்காரருக்கும்கூட மொத்தத் தொகை எல்சியைத் தாண்டக் கூடாது.

இதை ஸ்டஃபிங் நாளில், அதாவது கண்டெய்னரில் சரக்கு அடைக்கும் நாளில், வைத்துப் பாருங்கள். தையல் முடிந்து, செக்கிங்கில் கழித்து, பேக்கிங் முடிந்து எண்ணினால் 19,860 செட் இருக்கிறது. 140 குறைகிறது. 43பி காலி என்பதால் அதைப் பகுதி ஏற்றுமதியாகக் காட்டித் தப்பித்துவிடலாம். அதே கட்டத்தில் ‘கூடாது’ என்று இருந்திருந்தால் 140 செட்டுக்காக மொத்தப் பேப்பரும் டிஸ்கிரிபன்சி ஆகியிருக்கும். மறுபக்கம், 20,120 செட் பேக் ஆகிவிட்டால்? 120 செட்டைக் கழற்றி எடுக்க வேண்டியதுதான். வேறு எந்தக் காலிக் கட்டமும் உங்களைக் காப்பாற்றாது. ஆகையால் டாலரன்ஸ் என்ற இந்தக் கூடக் குறையச் சலுகையை மட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது இரண்டு இடத்தில் கேளுங்கள்: 39ஏ-யில் 5/5 என்றும், 45ஏ-யில் அளவுக்குப் பக்கத்தில் 5 சதவீதம் கூடக் குறைய என்றும். 39ஏ தொகையை மட்டுமே பேசும். தொகைக்கு வாங்கிவிட்டு அளவுக்கு வாங்காமல் விட்டவர்களை நான் எண்ணி மாளாது.

43டி-யைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். தூத்துக்குடியில் ஏறும் பெட்டி ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறுவது வழக்கமான பாதை. எல்சியோ டிரான்ஷிப்மெண்ட் கூடாது என்கிறது. நிரப்பிவிட்ட ‘ஓ’ கட்டம் கட்டிப்போடும் என்று மேலே சொன்னேன். இங்கே அந்தக் கட்டுக்கு யுசிபியே ஒரு தளர்ச்சி வைத்திருக்கிறது. 20-ஆவது பிரிவின் சி உட்பிரிவில் இரண்டாவது பத்தி: எல்சி டிரான்ஷிப்மெண்ட்டைத் தடுத்தாலும், சரக்கு கண்டெய்னரில் போவதாக பி.எல். காட்டினால் டிரான்ஷிப்மெண்ட் நடக்கும் என்று எழுதியிருக்கும் அந்த பி.எல். செல்லும். முழுப் பயணத்துக்கும் ஒரே பி.எல். இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே தூத்துக்குடி, கொழும்பு, ஹாம்பர்க் என்று தாராளமாக அனுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை, இந்தப் பத்தி பொருந்தாது என்று 47ஏ-யில் எழுதி வைத்திருக்கக் கூடாது. உங்கள் 14 நிபந்தனைகளில் 20 என்ற எண் எங்காவது வருகிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். வந்தால் அதை நீக்கச் சொல்ல வேண்டும். அல்லது நேராக ஹாம்பர்க் போகும் கப்பலைத் தேட வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்று பையரோடு பேச வேண்டும்.

47ஏ-யைக் கண்டுகொள்ளாதே என்ற அறிவுரை எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும். எம்டி 700-இல் நான் முதலில் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். யுசிபி தரும் சலுகைகளை எல்சி திருப்பி எடுத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான். பட்டியலில் ‘ஓ’, படிப்பதில் முதல் இடம்.

ஆனாலும் முதலாளி சொன்னதில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 47ஏ-யில் ‘சரக்கில் தடை செய்யப்பட்ட அசோ சாயம் இருக்கக் கூடாது’ என்று மட்டும் இருந்து, அதை நிரூபிக்க எந்த டாக்குமென்டும் கேட்காமல் இருந்தால், 14-ஆவது பிரிவின் எச் உட்பிரிவுப்படி வங்கி அந்த வரியை இல்லாததாகவே கருதும். பேப்பரை மட்டும் பார்க்கிற இடத்தில், பேப்பர் கேட்காத நிபந்தனையை எப்படிச் சோதிப்பது? அதற்காக நீங்கள் கொடுக்கும் மற்றப் பேப்பர்களில் அந்த வரிக்கு முரணாக ஒரு சொல்லும் இருக்கலாகாது. வங்கி விட்டுவிட்டதால் பையரும் விட்டுவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். அசோ சாய விஷயத்தில் ஐரோப்பியச் சட்டம் கடுமையானது, அது உங்கள் விற்பனை ஒப்பந்தத்தின் வழியாகத் திரும்பி வரும். 14 நிபந்தனைகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பேப்பரில் இது தெரியும் என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாதவற்றைத் தனியாக வையுங்கள். அவை வங்கிக்கு இல்லை, பையருக்கு உண்டு.

இன்னும் சில ‘ஓ’ கட்டங்கள். 71டி, செலவுக் கணக்கு. அது வராவிட்டால் நெகோஷியேஷன், டிரான்ஸ்ஃபர் கட்டணங்கள் தவிர மற்றெல்லா வங்கிச் செலவும் எல்சி திறக்கச் சொன்ன பையருடையது என்று பொருள். ஆகவே அது காலியாக வருவது அபூர்வம். அவர்கள் நாட்டுக்கு வெளியே ஆகும் செலவெல்லாம் உங்கள் தலையில் என்று நிரப்பித்தான் வரும். 42சி, 42ஏ இரண்டும் டிராஃப்ட் (பணம் கேட்டு எழுதும் தாள்) பற்றியவை, ஜோடி. ஒன்று வந்தால் மற்றதும் வர வேண்டும், இல்லையென்றால் ஸ்விஃப்ட் செய்தியையே திருப்பிவிடும். 44சி, ஷிப்மெண்ட் காலத்தைச் சொல்லும் 44டி இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. இவை உங்கள் கவலை இல்லை. 78 என்ற கட்டம் வங்கிகளுக்கு இடையிலான பேச்சு, ஆனாலும் ஒரு கண் வையுங்கள். பணத்தை எப்போது, எந்த வழியில் அனுப்புவார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

இனி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன சங்கதி. என் கண்ணில் இதுதான் உங்கள் எல்சியின் பெரிய ஓட்டை. 31டி ‘எம்’, 41 ‘எம்’. இரண்டும் நிரம்பியிருக்கின்றன, ஸ்விஃப்ட் பரிசோதனையும் தாண்டி வந்துவிட்டன. ஆனால் ஒன்று ஜெர்மனி என்கிறது, மற்றது இந்தியாவில் எந்த வங்கியும் என்கிறது. ஸ்விஃப்ட் என்பது தபால்காரர் மாதிரி. முகவரி எழுதியிருக்கிறதா, தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே எழுதியிருப்பது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. இப்படியே விட்டால் நவம்பர் 30-க்குள் பேப்பர் கரூர் வங்கியில் இருந்தால் போதும் என்று நீங்கள் சொல்வீர்கள், ஜெர்மனியில் எங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்று எல்சி திறந்த வங்கிக்காரர்கள் சொல்வார்கள். உங்கள் பக்கம் நியாயம் உண்டு. எந்த வங்கியில் எல்சி செல்லுபடியாகிறதோ அதன் இடம்தான் பேப்பர் கொடுக்கும் இடம் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் அவர்களிடம் இருக்கும்போது நியாயம் பேசி ஜெயிப்பது நீண்ட வேலை. 31டி-யில் இடத்தை இந்தியா என்று மாற்றச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கொடுத்த பட்டியலைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம். அதில் 39பி, 71பி என்ற கட்டங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது 2018 நவம்பருக்கு முந்திய பட்டியல், தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த மாதம் ஸ்விஃப்ட் எல்சிச் செய்திகளைப் பெரிய அளவில் மாற்றியது. 39பி போயே போய்விட்டது, 71பி 71டி ஆனது, அதுவரை ‘ஓ’ ஆக இருந்த 31சி என்ற எல்சித் தேதி ‘எம்’ ஆனது. 48-இல் வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்ததை நாள் எண்ணிக்கையாகச் சுருக்கினார்கள்.

ஆக நீங்கள் கேட்க வேண்டிய அமெண்ட்மெண்ட்: 31டி-யில் இடம், 39ஏ-யும் 45ஏ-யும் சேர்ந்து டாலரன்ஸ், 47ஏ-யில் 20-ஆவது பிரிவை விலக்கும் வரி இருந்தால் அதன் நீக்கம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் பிடிப்பார்கள். துணி வெட்டுக்குப் போகும் முன்பே கேளுங்கள். பதில் அமெண்ட்மெண்டில் நீங்கள் கேட்டதோடு கேட்காத ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 10-ஆவது பிரிவுப்படி ஒரு அமெண்ட்மெண்டை முழுதாக ஏற்க வேண்டும், இல்லை முழுதாக மறுக்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகாது, அப்படி எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது.

அது எம்டி 707 என்ற செய்தியாக வரும். கைக்கு வந்ததும் அதிலும் 27-ஐப் பாருங்கள். 707-க்கும் 708 என்று ஒரு தொடர்ச்சித் தாள் உண்டு.